உண்மை நகல்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே கண்டக்டரம்மா முடிவு செய்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எண்பத்தெட்டு, அது அடங்கியதும் நூற்றுப் பதினொன்று. கழுத்துக் குழாயை மாற்றிவிட ஒன்றரை மணி நேரம் காக்க வைத்த நர்ஸ் மேல் வந்த கோபம் அது. நர்ஸ் எதிரில் இல்லாவிட்டால் என்ன, புருஷன் இருக்கிறாரே. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஜன்னலோர மேஜைக்குப் போனார்.

மேஜையில் கம்ப்யூட்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் பளிச்சென்று தெரிந்தது. அதன் நட்டநடுவில் ஒரு ரசீது. ரசீது பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடி உருண்டை.

இந்த எண்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கண்டக்டரம்மா இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் நின்றபடியே வேலை பார்த்தவர். அவர் "ரைட்" என்றால் அவருடைய பஸ் மட்டும் கிளம்பாது, எதிர்ச்சாரியில் சும்மா நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பும். முன்சீட்டில் தூங்குகிறவன் மட்டுமல்ல, அடுத்த நிறுத்தத்தில் வீட்டுக்குள் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அப்படிப்பட்ட குரல். போன வருஷம் தொண்டையில் ஒரு கட்டி வந்து, கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு குழாய் வைத்துவிட்டார்கள். ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர், "உங்க குரல்லயே அவசியமான வார்த்தை ஒரு பத்து பதிஞ்சு வச்சுக்குங்கம்மா. தண்ணி வேணும், வலிக்குது, அந்த மாதிரி" என்றார். கண்டக்டரம்மா வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கத் துணி அலமாரிக்குள் ஏறி, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மூன்று நாள் பதிந்தார். வெளியே வந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம். அதில் நல்ல வார்த்தை நாற்பத்திரண்டு. மீதி நூற்று எழுபதும் திட்டு.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் அந்தக் குரல் அப்படியே வெளியே வந்து விழும். ஒரு வருஷமாகக் கண்டக்டரம்மா இப்படித்தான் குடும்பம் நடத்துகிறார். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் மகள் புதிது வாங்கி, எல்லாவற்றையும் இதற்கு மாற்றி, பழையதைக் கழித்துப்போட்டு இருபத்து மூன்று நாள்தான் ஆகிறது.

அடுக்களையிலிருந்து அவருடைய கணவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். அரசாங்க ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டு. சுற்றறிக்கை என்று ஒன்று வந்தால், படித்து முடிப்பதற்குள் நிறைவேற்றிவிடுகிற ரகம்.

கண்டக்டரம்மா கழுத்தில் தொங்கிய வெள்ளைப் பலகையில், பேனா முனை நசுங்குகிற மாதிரி எழுதினார்: "எங்கே?"

"குடுத்தாச்சு! காலையில ஒன்பது மணிக்குக் கம்பெனியிலேர்ந்து மெயில் வந்துச்சு. அடடா, என்னமா எழுதியிருக்கான் தெரியுமா? பத்தி பத்தியா நம்பர் போட்டு! இந்த மாடல்ல பக்கவாட்டுல வயர் சொருகுற ஓட்டை சூடாகி, பேட்டரி உப்பி வெடிக்குதாம். ஸ்விட்ச் போடாதீங்க, உடனே ஒப்படைச்சுடுங்க, எல்லாத்தையும் நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம், ரிகால் அப்படின்னு போட்டிருந்தான். ஒன்பது இருபதுக்கு நான் சர்வீஸ் சென்டர்ல இருந்தேன். இந்த ஊர்லயே நான்தான் முதல் ஆளு. கவுன்ட்டர்ல இருந்தவனே அசந்துட்டான்."

கண்டக்டரம்மாவின் கை பலகையில் ஓடியது. "என் குரல்?"

"அது தெரியாதா எனக்கு? காப்பி எடுத்து வச்சுட்டுத்தான் குடுத்தேன். நான் என்ன சின்னப் புள்ளையா?"

அப்பாடா என்று கண்டக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். முப்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாகப் புருஷனைப் பற்றி நல்லதாக ஒன்று நினைத்தார். அந்த நினைப்பு ஏறக்குறைய அரை நிமிஷம் உயிரோடு இருந்தது.

சூப்பிரண்டு பீரோவைத் திறந்து, பழுப்பு உறை போட்ட ஒரு தடிமனான நோட்டைக் கொண்டுவந்து மனைவி மடியில் வைத்தார். கம்ப்யூட்டர் வந்த வாரத்தில் மகள் போனில், "அப்பா, அம்மா குரலை மறக்காம ஒரு காப்பி எடுத்து வச்சுடுங்க" என்று சொல்லியிருந்தாள். சூப்பிரண்டும் மறக்கவில்லை. மனைவி அசந்த நேரமாகப் பார்த்து நாலு நாள், ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக் கேட்டு, இருநூற்றுப் பன்னிரண்டையும் அச்சு மாதிரி கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார். வரிசை எண், வாக்கியம், குறிப்பு என்று மூன்று பத்தி. குறிப்புப் பத்தியில் "உரத்த குரல்", "மிக உரத்த குரல்", "என்னை நோக்கி". ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "உண்மை நகல்" என்று ரப்பர் முத்திரை, கையெழுத்து, தேதி.

கண்டக்டரம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"ஒரு எழுத்து விடல. சரிபார்த்துட்டேன்" என்றார் சூப்பிரண்டு.

அடுத்து நடந்ததை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திட்ட வார்த்தை நூற்று எழுபது இருந்தும் ஒன்றுகூட வாயில் இல்லாத ஒரு பெண்பிள்ளையின் கோபம் அது. கழுத்துக் குழாயிலிருந்து குக்கர் மாதிரி சீறிக்கொண்டு காற்று வந்தது. எவர்சில்வர் தட்டுகள் ஐந்து, தாம்பாளம் ஒன்று, ஒரு வாளி, மூன்று மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைப் பார்த்தன. மூன்று தெரு தள்ளி இருக்கிற நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சூப்பிரண்டுக்குத் திட்டு பழக்கம், அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மௌனத்துக்குத்தான் அவர் சுவரோரமாக ஒதுங்கினார்.

"இரு, இரு, இன்னும் நசுக்கியிருக்க மாட்டாங்க. பன்னெண்டு மணிக்குத்தான் லாரி வருமாம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

நசுக்குவதா? கண்டக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே முக்கால். ஒரு கையில் புருஷனின் மணிக்கட்டு, இன்னொரு கையில் பலகை. சூப்பிரண்டு இன்னொரு கையால் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார், எதற்கும் இருக்கட்டுமென்று.

சர்வீஸ் சென்டர் ஹாலில் அறுபது பேராவது இருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி கடுகடுப்பு. டோக்கன் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த மெஷின் சூப்பிரண்டின் கையில் தொண்ணூற்று நாலைக் கொடுத்தது. அவர் உட்கார இடம் தேடினார். கண்டக்டரம்மா நேரே கவுன்ட்டருக்குப் போய்ப் பலகையைக் கண்ணாடியில் சாத்தினார்: "காலையில் வந்த என் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடு."

கவுன்ட்டரில் டை கட்டிய ஒரு மனிதர். பலகையைப் பார்த்ததும் ஒரு பெரிய புன்னகை போட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "அம்... மா... டோக்... கன்... எடுங்... க!" என்று கத்தினார்.

கண்டக்டரம்மா துடைத்துவிட்டு எழுதினார்: "பேச்சுதான் வராது. காது நன்றாகக் கேட்கும். கத்தாதே."

டைக்காரர் புரிந்ததாகத் தலையை ஆட்டி, முன்னைவிட உரக்க, "சரிங்... கம்... மா!" என்றார்.

சூப்பிரண்டு குறுக்கே வந்தார். "ஐயா, இன்று காலை எங்களால் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தற்காலிகமாகப் பார்வையிட அனுமதி..."

"சார், ரிகால்னா ரிகால்தான். உள்ள போன மெஷின் வெளிய வராது. எல்லாம் உங்க சேஃப்டிக்குத்தான். எட்டு வாரத்துல புதுசு வீட்டுக்கே வந்துடும். இதே மாடல், இதே கலர்."

"அதில் என் குரல் இருக்குமா?" என்றது பலகை.

டைக்காரர் இரண்டு முறை படித்தார். "குரல்னா... அது என்ன ஆப்பும்மா?"

கண்டக்டரம்மாவின் கழுத்துக் குழாய் சீறியது.

"டேட்டாவுக்குக் கம்பெனி பொறுப்பில்லம்மா. மெயில்ல கடைசி லைன்ல தெளிவாப் போட்டிருக்கோம்."

கண்டக்டரம்மா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"படிச்சேன்" என்றார் சூப்பிரண்டு, ரொம்பச் சின்னக் குரலில். "அதான் நகல்..."

அவர் முடிப்பதற்குள் மனைவியைக் காணோம். நிறைமாத பஸ்ஸில் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு ஒருவர் காலையும் மிதிக்காமல் போய்வந்த உடம்பு அது. ஒருக்களித்துத் தோளைக் கொடுத்தால் சுவரே கொஞ்சம் நகர்ந்து வழிவிடும். "ஊழியர்கள் மட்டும்" என்று எழுதிய கதவு வழியாகக் கண்டக்டரம்மா உள்ளே போய்விட்டார். பின்னாலேயே சூப்பிரண்டு, அவருக்குப் பின்னால் டைக்காரர்.

உள்ளே நீளமான மேஜை. இரும்பு ராக்கில் சாம்பல் நிறக் கம்ப்யூட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்று படாமல் வரிசையாக நின்றன. நெற்றியில் ஒரு விளக்கும் கையில் திருப்புளியுமாக நாற்பது வயது மெக்கானிக் அம்மாள் நிமிர்ந்தாள்.

"யாருக்கா நீங்க? இங்கெல்லாம் வரக்கூடாது."

கண்டக்டரம்மா கழுத்துத் துணியை விலக்கிக் குழாயைக் காட்டினார். பிறகு எழுதினார்: "ஆப்பரேஷனுக்கு முன்னால் பதிந்த என் குரல் அதற்குள் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை."

மெக்கானிக்கின் முகம் மாறியது. "ஒரு காப்பிகூடவா இல்ல?"

சூப்பிரண்டு நோட்டை நீட்டினார். அவள் பிரித்து ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சார், இத நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா. ஒரு எழுத்து விடல."

அவள் கண்டக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இவரோட எத்தன வருஷமாக்கா?"

கண்டக்டரம்மா ஒரு கையில் மூன்று விரலையும் இன்னொரு கையில் நாலு விரலையும் காட்டினார்.

"கஷ்டம்" என்றாள் மெக்கானிக், மனதாரச் சொன்னாள். பிறகு ராக்கைப் பார்த்தாள். "இதுல உங்களது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மூஞ்சி."

சூப்பிரண்டு கண்ணை மூடிக்கொண்டு பதினேழு இலக்க வரிசை எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மெக்கானிக் நாலாவது தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதன் அடிவயிறு லேசாக உப்பியிருந்தது.

"நேராப் பேசுறேன்க்கா. டிஸ்க்கைத் தனியாக் கழட்ட முடியாது, போர்டோட ஈயம் வச்சுப் பத்த வச்சிருக்கான். வயர் சொருகி எடுக்கலாம்னா அந்த ஓட்டைதான் கோளாறே. நெட் வழியா அனுப்பலாம்னா, ரிகால்ல பதிஞ்ச நிமிஷமே வயர் இல்லாத வழி எல்லாத்தையும் கம்பெனி பூட்டிடுறான். பாக்கி இருக்கிறது ஸ்பீக்கர் ஒண்ணுதான். நீங்க ஒவ்வொண்ணாத் தட்டுங்க, போன்ல அதே நம்பர் போட்டுப் பதிஞ்சுக்குங்க. இருபது நிமிஷம் தாங்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

டைக்காரர் குதித்தார். "மேடம், இது ரூல் மீறல்! ஸ்விட்ச்சே போடக்கூடாது!"

"மணல்ல வச்சுத்தானே போடுறேன். என் மேஜை, என் மணல். நீங்க போயி டோக்கனைப் பாருங்க" என்றாள் மெக்கானிக். ஒரு தகரத் தட்டு நிறைய மணலைக் கொட்டி அதில் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்தாள். தீயணைக்கும் உருளையைக் காலருகே நகர்த்தினாள். புகை அடைத்துவிடக் கூடாதென்று ஹால் பக்கத்துக் கதவை அகலமாகத் திறந்து கல் வைத்தாள். "நான் 'கை எடு'ன்னா எடுத்துடணும். வாக்கியம் பாதியில நின்னாலும் சரி. என்னக்கா?"

கண்டக்டரம்மா தலையாட்டினார்.

"அப்ப எத முதல்ல எடுக்கப் போறீங்க? மொத்தமும் வரும்னு சொல்ல முடியாது."

சூப்பிரண்டு முந்திக்கொண்டு நோட்டைப் புரட்டினார். "நூத்து எழுபத்தொண்ணுலேர்ந்து நல்ல வார்த்தை. அத முதல்ல எடுத்துடுவோமே. நாப்பத்தி ரெண்டுதானே, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். 'நல்லா இருக்கியா', 'சந்தோஷம்', 'பரவாயில்ல, விடுங்க'..."

கண்டக்டரம்மா கம்ப்யூட்டரின் உப்பிய வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பலகையை எடுத்து, அவசரம் இல்லாமல், அழகாக எழுதினார்: "நல்லதுக்குத் தலையாட்டினால் போதும். கையைப் பிடித்தால் போதும். திட்டத்தான் குரல் வேண்டும்."

போனை மணல் தட்டின் பக்கத்தில் வைத்தார். சூப்பிரண்டு நோட்டைப் பார்த்து உரக்க எண்ணைச் சொல்ல, கண்டக்டரம்மா கம்ப்யூட்டரில் முதல் எண்ணைத் தட்டினார்.

"ஏன்யா! ஒரு வேலைய ஒரு தடவ சொன்னா மண்டையில ஏறாதா?"

வீட்டில் வைத்திருந்தபடியே சத்தம் உச்சத்தில் இருந்தது. அந்தக் குரல் திறந்த கதவு வழியாக ஹாலுக்குள் பாய்ந்தது. அறுபது அட்டைப்பெட்டிகளும் ஒரே நேரத்தில் துள்ளின. கவுன்ட்டருக்குத் திரும்பிக்கொண்டிருந்த டைக்காரர் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

ஹாலில் யாரோ, "அதானே!" என்றார்கள்.

"சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிறதுக்குச் சம்பளம் வேறயா உனக்கு?"

"அப்படிப் போடு!" என்று மூன்று குரல்கள் சேர்ந்து வந்தன. சூப்பிரண்டு கதவுக்கு ஓடி, இரண்டு கையையும் உயர்த்தி, "அமைதி, அமைதி! பதிவு நடந்துகிட்டிருக்கு! உங்க சத்தமெல்லாம் விழுது!" என்று கெஞ்சினார். யார் கேட்டது? காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனம். தாங்கள் சொல்ல நினைத்ததையெல்லாம் ஒரு குரல் எடுத்துச் சொல்கிறதென்றால் சும்மா இருப்பார்களா? முன்வரிசையில் இருந்த பல்டாக்டர் ஒருவர் எழுந்து வந்து, "அம்மா, அந்தப் பதினேழாவத இன்னொரு தடவ போடுங்களேன். இவரு சரியாக் கேக்கல" என்று டைக்காரரைக் காட்டினார். கண்டக்டரம்மா நேரத்தைப் பார்த்துத் தயங்கினார். இருந்தாலும் போட்டார். அந்தப் பதினேழை இங்கே எழுத முடியாது. அச்சுக்கோப்பவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு.

நாற்பதில் மெக்கானிக் சிரிப்பு தாங்காமல் திருப்புளியைக் கீழே போட்டாள். அறுபதில் ஹால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சத்தியமாக அதிர்ந்தது. தொண்ணூற்றிரண்டிலிருந்து எல்லாம் சூப்பிரண்டைப் பற்றி.

"உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு குடுத்தா அதையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டீங்களா?"

சூப்பிரண்டு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் போட்டார். ஹால் முழுக்க அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. அவர் தலை நிமிரவில்லை. அடுத்த எண்ணைச் சொன்னார், அதற்கும் ஒரு டிக். அதற்கடுத்ததற்கும்.

கண்டக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தக் குரலை அவர் இவ்வளவு பேர் நடுவில் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. வெறும் வீட்டில் ஒரே ஒரு மனிதர் மேல் விழுந்து விழுந்து அதன் அளவே மறந்துபோயிருந்தது. இந்தக் குரலைத்தான் ஒன்பது இருபதுக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தார் இந்த மனுஷன். இதைத்தான் பன்னிரண்டு மணிக்கு லாரியில் ஏற்றி நசுக்கப் போகிறான் இந்த டை. அதை நினைக்க நினைக்க விரல்கள் ஆணி அடிப்பது போலப் பட்டனில் இறங்கின. நூற்று நாற்பது. நூற்று ஐம்பது. மணல் ஓரத்தில் ஒரு மெல்லிய வாடை.

"அக்கா, வயிறு பெரிசாகுது."

நூற்று அறுபது. நூற்று அறுபத்தொன்று.

"அக்கா!"

நூற்று அறுபத்து மூன்று முழுசாக முடிந்தது. நூற்று அறுபத்து நாலு "இந்தா பாரு..." என்று ஆரம்பித்தது.

"கை எடு!"

கண்டக்டரம்மா கையை எடுத்தார். மெக்கானிக் ஒரு வாளி மணலை மேலே கவிழ்த்தாள். உள்ளிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது. "பாரு... பாரு... பாரு..." என்று அந்தக் குரல் மணலுக்கடியிலிருந்து மூன்று முறை கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

ஹாலில் இருந்தவர்கள் எழுந்து கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சூப்பிரண்டு மிச்சப் பக்கங்களைப் பார்த்தார். டிக் விழாத நாற்பத்தொன்பது வரிகள். அதில் ஏழு திட்டு. மீதி நாற்பத்திரண்டும் நல்ல வார்த்தை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் மூக்கை உறிஞ்சினார். கண்டக்டரம்மா மணலின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. மெக்கானிக் அவர் கையைப் பிடித்து நகர்த்தும்வரை எடுக்கவில்லை. பிறகு மெக்கானிக்கின் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்தார். மெக்கானிக்குக்குப் புரிந்தது.

டைக்காரர் ஒரு படிவத்தோடு வந்தார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா, இதுல ஒரு கையெழுத்து. சேவை திருப்தியா இருந்துச்சான்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல..."

கண்டக்டரம்மா போனை எடுத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூன்றாம் எண்ணைப் போட்டார். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவனைப் பற்றிய அந்த வாக்கியமும், அதன் பின்னாலேயே பதிவில் ஒட்டிக்கொண்ட "அப்படிப் போடு!"வும் வந்தன. டைக்காரர் கட்டத்தை அவரே காலியாக விட்டுவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது சூப்பிரண்டு நாலடி பின்னாலேயே வந்தார்.

"கோவமா?" என்றார். கண்டக்டரம்மா நடையை எட்டிப் போட்டார். "பின்னாடி ஜனங்க சத்தமெல்லாம் விழுந்திடுச்சே. மகள் வந்தா சுத்தம் பண்ணித் தருவா."

கண்டக்டரம்மா நின்று, வேண்டாம் என்று பலமாகத் தலையை அசைத்தார். மேற்கொண்டு நடந்தார்.

பஸ் வந்தது. உள்ளே நடுவில் ஆறு பேர் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்க, இரண்டு வாசலிலும் கொத்துக் கொத்தாக ஆட்கள் தொங்கினார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து, "கொஞ்சம் உள்ள போங்களேன், ப்ளீஸ்" என்று யாரிடமோ கடன் கேட்கிற மாதிரி முனகிக்கொண்டிருந்தார். அந்த முனகலைக் கேட்டதும் கண்டக்டரம்மாவுக்குக் காலையிலிருந்து சேர்ந்த அத்தனை கோபமும் மறுபடி உச்சிக்கு ஏறியது. நர்ஸ், மெயில், நோட்டு, டை, லாரி, எல்லாம். போனை உயர்த்திப் பிடித்தார். ஐம்பத்தாறு.

"படியில என்ன மாநாடா நடக்குது? உள்ள போங்கய்யா, அங்க என்ன புலியா கட்டியிருக்கு!"

"அதானே! உள்ள போங்கய்யா!" என்றது அதனோடு சேர்ந்து பதிவான ஹால்.

மொத்த பஸ்ஸும் ஒரே ஆளாக உள்ளே நகர்ந்தது. ஓட்டுநர் பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். சூப்பிரண்டு எல்லோருக்கும் முந்தி ஓடிப்போய்க் கடைசி வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டரம்மா நிதானமாக ஏறினார். ஜன்னலோர சீட்டில் இருந்த இரண்டு பேர் பதறி எழுந்து இடம் விட்டார்கள். அதில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பலகையை வைத்துக்கொண்டார், புருஷன் வந்து உட்கார்ந்துவிடாதபடி.